நட்டாற்றில் பிறந்த வெஸ்ட்

காட்டுக்குள் கேமராவோடு போகிறவர்களும், ஊர்வலத்தின் நடுவே நின்று படமெடுக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர்களும் மாட்டிக்கொள்கிற, வெஸ்ட் என்ற கையில்லா மேல்சட்டையைப் பார்த்திருப்பீர்கள். முன்னும் பின்னும் பாக்கெட்டுகள், காக்கி நிறம், மூடி வைத்த பைகள், தோளில் ஒரு பட்டை. பார்த்ததும் ராணுவத்தின் நினைவுதான் வரும். ஆனால் அது படைவீட்டில் பிறந்த உடுப்பு அல்ல. ஆற்றில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மீன்பிடித்த ஒருவரின் தேவையில் பிறந்தது.

அவர் பெயர் லீ வுல்ஃப். 1905இல் அலாஸ்காவின் வால்டீஸ் என்ற ஊரில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்தார். அந்தத் துறையில் மனம் ஒட்டாமல் பாரிஸுக்குப் போய் ஓவியம் கற்றார். திரும்பி வந்து நியூயார்க்கில் விளம்பர ஓவியராகப் பிழைத்தார். மனமெல்லாம் ட்ரவுட் மீன்கள் ஓடும் ஆறுகளில்தான். (ட்ரவுட் நமக்கும் புதிதல்ல. வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்ட குளிர்நீர் மீன் அது.)

இந்த மீனைப் பிடிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் வெஸ்ட்டின் கதை புரியும். இதில் புழு கோத்த தூண்டிலைப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருக்க முடியாது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சியை, நிஜப்பூச்சி வந்து அமர்வதுபோல் நீரின்மேல் இறக்க வேண்டும். ஒரு கையில் கோல், மறு கையில் நரம்பு. கோலைப் பின்னால் வீசி, முன்னால் வீசி, நரம்பு காற்றில் வளைந்து போய் விழ வேண்டும். மீன் எந்தப் பூச்சியைத் தின்கிறது என்பது மணிக்கு மணி மாறும்; அதற்கேற்ப ஆற்றின் நடுவில் நின்றபடியே பொய்ப்பூச்சியை அவிழ்த்து வேறொன்றைக் கட்ட வேண்டும். பூச்சி டப்பாக்கள், நரம்புச் சுருள், கத்தரி, பூச்சி மிதப்பதற்குத் தடவும் மெழுகு, மீனை அள்ளும் கைவலை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கீழே வைக்கலாம் என்றால் கீழே ஓடுவது ஆறு.

அதுவரை இருந்த வழி, கனத்த கம்பளிக் கோட்டின் பாக்கெட்டுகளும் தோளில் தொங்கும் பையும் பிரம்புக் கூடையும்தான். கோலை வீசும்போது பை தோளிலிருந்து நழுவும், குனிந்தால் முன்னால் வந்து விழும், ஆழத்தில் இறங்கினால் தண்ணீர் குடிக்கும். 1931இல் வுல்ஃப் ஒரு கையில்லாச் சட்டையை எடுத்து அதன்மேல் பாக்கெட்டுகளைத் தானே தைத்துக்கொண்டார். மீன்பிடி வெஸ்ட்டின் பிறப்பாக அமெரிக்கத் தூண்டில்காரர்கள் அதைத்தான் சொல்கிறார்கள்.

பாக்கெட் தைப்பது பெரிய கண்டுபிடிப்பா என்று கேட்கலாம். பெரியதுதான் என்பேன். அதுவரை எல்லாரும் பையை எப்படிச் சிறப்பாகச் செய்யலாம் என்றே யோசித்தார்கள். இங்கே பையையே எடுத்துவிட்டு, சுமையை உடம்பு முழுக்கப் பரப்பும் வழி கிடைத்தது. கை வீச வேண்டும், அதனால் சட்டைக்குக் கை கிடையாது. தண்ணீர் இடுப்புவரை வரும், அதனால் அது வயிற்றுக்கு மேலேயே முடிய வேண்டும். அடிக்கடி எடுக்கும் பொருள் நெஞ்சுக்கு, எப்போதாவது எடுக்கும் மழைச்சட்டை முதுகுப் பைக்கு. பின்னாளில் கழுத்துக்குக் கீழே, முதுகில் கைவலையை மாட்ட ஒரு வளையமும், நனைந்த பொய்ப்பூச்சிகளைக் குத்திக் காயவைக்க நெஞ்சில் ஒரு துண்டு ஆட்டுரோமமும் சேர்ந்தன. ஒவ்வொரு தையலுக்கும் ஆறு ஒரு காரணம் வைத்திருந்தது.

இதே வுல்ஃப் படமெடுக்கிறவரும்கூட. நியூஃபவுண்ட்லாந்தின் சால்மன் ஆறுகளில் தன் மீன்பிடியைத் திரைப்படங்களாக எடுத்தார். பிடித்த மீனை மறுபடி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்று 1939லேயே எழுதியவர் அவர். கொன்று எடுத்துப்போகாதவனுக்குக் கையில் மிஞ்சுவது படம்தானே. தூண்டிலும் கேமராவும் ஒரே ஆளிடம், ஒரே ஆற்றில் சந்தித்தது எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம்.

கேமராக்காரர்களுக்கு இந்தத் தேவை வருவதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1855இல் கிரிமியப் போரைப் படமெடுக்கப் போன ரோஜர் ஃபென்டன் குதிரை வண்டியையே இருட்டறையாக்கி ஓட்டிக்கொண்டு போனார். கண்ணாடித் தகடுகளும் ரசாயனப் புட்டிகளும் வண்டி கொள்ளாத சுமை. எந்தச் சட்டைப் பையும் அதற்கு உதவாது. 1925இல் லைப்சிக் சந்தையில் லைக்கா கேமரா வெளிவந்த பிறகு நிலைமை மாறியது. 1934இல் கோடக் தந்த 35 மி.மீ. ஃபிலிம் சுருள், பெருவிரலைவிடச் சற்றுப் பருமன். அதற்குள் 36 படங்கள். வண்டி போய், உதவியாளர் போய், எல்லாச் சுமையும் படமெடுப்பவரின் உடம்புக்கே வந்து சேர்ந்தது. 1959இல் நிக்கான் எஃப் வந்தபின், லென்ஸை மாற்றி மாற்றிப் போடும் வேலையும் களத்தில் கூடியது.

36 படம் முடிந்த அந்தக் கணத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முன்னால் கூட்டம் ஓடுகிறது. புகைப்படக்காரர் கேமராவின் அடியிலுள்ள பொத்தானை அழுத்தி, மேலேயுள்ள சின்னக் கைப்பிடியைச் சுற்றி ஃபிலிமைச் சுருட்டுகிறார். பின்கதவைத் திறந்து பழைய சுருளை எடுக்கிறார். அதை எங்கே வைப்பது? புதியதை எங்கிருந்து எடுப்பது? மண்டியிட்டுப் பையைத் திறந்தால் கண் களத்தை விட்டுப் போகும். பக்கத்தில் இருப்பவர் இடித்தால் பை கவிழும். இவரும் நட்டாற்றில்தான் நிற்கிறார். இரண்டு கையும் வேலையில், கீழே வைக்க இடமில்லை.

அதனால்தான் தூண்டில்காரரின் வெஸ்ட் இவருக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியது. பொய்ப்பூச்சி டப்பாவுக்காகத் தைத்த பாக்கெட்டில் ஃபிலிம் டப்பா உட்கார்ந்தது. அட்டைப் பெட்டியை முன்பே கிழித்தெறிந்துவிட்டு, எடுக்காத சுருள்கள் இடப்பக்கம், எடுத்து முடித்தவை வலப்பக்கம் என்று பலரும் பழக்கிக்கொண்டார்கள். கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து எடுத்த சில நொடிகளிலேயே விரல் தானாகப் போய்த் தேடும். எந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பது கைக்கு மனப்பாடம். கைவலை மாட்டிய வளையம் பல கேமரா வெஸ்ட்களில் இன்றும் இருக்கிறது. மீன் இல்லை, வலை இல்லை, ஆனால் வளையம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

களத்தில் பிறந்ததைக் கடைக்காரர்கள் பிறகு கவனித்தார்கள். ஃபிலடெல்பியா இன்குவயரர் நாளிதழின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கி 1975இல் தடித்த பருத்தித் துணியில் மென்மையான கேமரா பையை உருவாக்கினார். பிற்பாடு அவர் பெயரில் வெஸ்ட்டும் விற்பனைக்கு வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பத்திரிகை வேலை பார்த்த மெல், பட்ரீசியா சீக்லர் தம்பதி 1978இல் கலிஃபோர்னியாவின் மில் வேலியில் பனானா ரிப்பப்ளிக் என்ற கடையைத் தொடங்கி, ராணுவம் கழித்த உடுப்புகளை விற்றார்கள். 1980களில் அவர்களுடைய 'போட்டோ ஜர்னலிஸ்ட் வெஸ்ட்' கேமராவையே தொடாதவர்களின் தோளிலும் ஏறியது. உடுப்புக்குப் பெயரும் புகழும் வந்தது அப்போதுதான். ஆனால் வேலைக்காகப் பிறந்த பொருள் தோற்றத்துக்காகத் தைக்கப்பட்டபோது, ஆழமில்லாத, தைத்து மூடிய வெறும் அலங்காரப் பாக்கெட்டுகளும் கூடவே வந்தன. இன்று மலிவாகக் கிடைக்கும் பல வெஸ்ட்களின் குறை அங்கே தொடங்குகிறது.

ஃபிலிம் போய் மெமரி கார்டு வந்தபின் பாக்கெட் எண்ணிக்கைக்கு அவ்வளவு தேவையில்லை. நகம் அளவு கார்டு பெரிய பாக்கெட்டில் தொலைந்தே போகும். அதற்கு ஜிப் வைத்த சின்ன உள்பை ஒன்று போதும். மறுபக்கம் லென்ஸ்கள் பெருத்துவிட்டன. எஸ்எல்ஆர் கேமராவுக்கான 70–200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் சுமார் ஒன்றரைக் கிலோ வரும். அதை நெஞ்சுப் பாக்கெட்டில் திணித்தால் சட்டை ஒரு பக்கமாக இழுத்துக் கழுத்தை அறுக்கும். கனத்த லென்ஸ் கேமராவிலேயே இருக்கட்டும், அல்லது இடுப்புப் பட்டையில் தொங்கட்டும். வெஸ்ட்டுக்குப் பேட்டரி, கார்டு, சின்ன லென்ஸ், துடைக்கும் துணி, மழை வந்தால் கேமராவை மூட ஓர் உறை என்று வைத்துக்கொண்டால் உடம்பும் தாங்கும், உடுப்பும் தாங்கும்.

வாங்கப் போகும்போது கடைக்கு உங்கள் சாமான்களையும் எடுத்துப் போங்கள். வெறும் வெஸ்ட் எல்லாருக்கும் பொருந்தும்; நிரப்பிய வெஸ்ட்தான் உண்மையைச் சொல்லும். தோள்பகுதி அகலமாக இருக்கிறதா, பின்கழுத்தில் மெத்தையான கழுத்துப்பட்டி உண்டா என்று பாருங்கள். எடை முழுவதும் இறங்குவது அங்கேதான். நம் வெயிலுக்கு முதுகும் பக்கமும் வலைத்துணியாக இருப்பது நல்லது. காட்டுக்குப் போகிறவர்கள் வெல்க்ரோ மூடியைத் தவிர்க்க வேண்டும். அதைப் பிய்க்கும் சத்தத்தில் மான் தலை தூக்கிப் பார்க்கும், பறவை பறந்துவிடும். பட்டனும் மெல்ல இழுக்கிற ஜிப்பும் அந்த விஷயத்தில் சாது. வெஸ்ட்டின்மேல் முதுகுப்பை போடுவதாக இருந்தால் அதன் பின்பைகளை மறந்துவிடுங்கள்.

எல்லாம் நிரப்பி மாட்டிக்கொண்டு, கடையிலேயே ஒருமுறை மண்டியிட்டு, தரையில் இருக்கும் பூவைப் படமெடுப்பதுபோல் நன்றாகக் குனியுங்கள். முன்பக்கம் தொங்கி லென்ஸை மறைத்தால், பாக்கெட்டிலிருந்து ஏதாவது நழுவினால், அந்த வெஸ்ட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.