வேங்கட எல்லையும் கல்வெட்டுத் தடங்களும்: திருப்பதி மாவட்டத் தொல்லிடங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடக்கே வேங்கடமும் தெற்கே குமரியும் எல்லை எனத் தொல்காப்பியப் பாயிரம் வகுத்துரைக்கும். அவ்வடவெல்லையை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இலக்கியச் சான்றுகளையே முதன்மையாகக் கொண்டனர். வேங்கடத்தைச் சூழ்ந்த ஊர்களில் நிற்கும் கோயில்களும் கோட்டைகளும் இடிபாடுகளும் தரும் சான்றுகள் தனித்தனியே பேசப்பட்டனவே அன்றி ஒருசேர வைத்து நோக்கப்பட்டமை குறைவு. குடிமல்லம் சிற்பக் கலை வரலாற்றுக்கும், திருமலை வைணவ வரலாற்றுக்கும், சந்திரகிரி விசயநகர வரலாற்றுக்கும் உரியவை எனப் பிரித்து வைக்கப்பட்டன. இவை யாவும் ஒரு நாளைய பயண எல்லைக்குள் அடங்குவன; பெரும்பாலானவை சுவர்ணமுகி என இன்று வழங்கும் பொன்முகலியாற்றின் படுகையில் அமைந்தவை. இவற்றை ஒருசேர நோக்கும்போது புலப்படும் எல்லையின் இயல்பை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஆட்சி எல்லைகள்

சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்து பல வட்டங்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைக்கப்பெற்றது. 1953-இல் ஆந்திர மாநிலம் உருவானபோது அது அம்மாநிலத்தில் சேர்ந்தது. ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், படாஸ்கர் குழுவின் பரிந்துரைப்படி 1960-இல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் தமிழகத்தோடு இணைந்தன. திருப்பதி ஆந்திரத்திலேயே நிலைத்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஏறத்தாழ நூறாண்டுகளில் இத்தனை முறை மாறிய எல்லையைக் கொண்டு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வாழ்வை அளத்தல் பொருந்தாது.

குடிமல்லம்

ஏர்ப்பேட்டிற்கு அண்மையில் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் குடிமல்லம். இங்குள்ள பரசுராமேசுவரர் கோயில் இலிங்கத்தின் முன்புறத்தில், குள்ள உருவம் ஒன்றின் தோள்மீது நிற்கும் சிவனுடைய வடிவம் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. இதனை அறிஞருலகுக்கு அறிமுகப்படுத்திய து.அ. கோபிநாத ராவ், பார்குத், சாஞ்சிச் சிற்பங்களோடு ஒப்பிட்டு இது கி.மு. காலத்தது என்றார். காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டெனினும் மிகத் தொன்மையான சிவலிங்கங்களுள் ஒன்று இது என்பதில் ஐயமில்லை. 1973-இல் இந்தியத் தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வு, இலிங்கம் முதலில் கல்வேலி சூழத் திறந்த வெளியில் நின்றதையும், பின்னரே அதனைச் சுற்றிக் கட்டடம் எழுந்ததையும் காட்டியது. இன்றுள்ள தூங்கானை மாட வடிவ விமானம் சோழர் காலத்தது.

ஈண்டுக் கருதத்தக்கது இக்கோயிலின் கல்வெட்டுகளே. பல்லவ மன்னரின் ஆட்சியாண்டுகளைக் குறித்து, அவர்க்கு அடங்கிய மாவலிவாணராயர் காலத்தில் பொறிக்கப்பட்டவை இவற்றுள் பழையன. இவற்றின் மொழி தமிழ். இவை ஊரைத் திருவிப்பிரம்பேடு என்று குறிக்கின்றன. குடிமல்லம் என்னும் பெயர் பிற்காலத்தது. 'குடி' என்பது தெலுங்கில் கோயிலைக் குறிக்கும் சொல் என்பது நினையத்தக்கது. ஊர் தன் பெயரை மாற்றிக்கொண்டது. சுவரோ பழைய பெயரைக் காத்து வைத்திருக்கிறது.

தொண்டைமானாற்றூர்

காளத்திக்கு அருகிலுள்ள தொண்டமநாடு இன்று பெரும்பாலும் திருமலைத் தலபுராணத்தில் வரும் தொண்டைமான் சக்கரவர்த்தியோடு தொடர்புபடுத்தியே பேசப்படுகிறது. ஆயின் சோழர் வரலாற்றில் இவ்வூர்க்குத் தனியிடம் உண்டு. அபராசிதனை வென்று தொண்டை மண்டலத்தைச் சோழநாட்டோடு இணைத்த முதலாம் ஆதித்தன் (ஏறத்தாழ கி.பி. 871-907) 'தொண்டைமானாற்றூர் துஞ்சின உடையார்' எனக் கல்வெட்டுகளில் சுட்டப்பெறுகிறான். அவனுக்கு அவன் மகன் முதலாம் பராந்தகன் எடுத்த பள்ளிப்படையே இங்குள்ள கோதண்டராமேசுவரம் என்னும் ஆதித்தேசுவரம்.

காவிரியின் இரு கரைகளிலும், சையமலை முதல் கடல்வரை, சிவாலயங்கள் எடுத்தவன் என்று அன்பில் செப்பேடு போற்றும் வேந்தன் இவன். அவனது நினைவாலயம் பொன்முகலிக் கரையில் அமைந்தது. தஞ்சையிலிருந்து இத்துணைத் தொலைவில் தந்தைக்குக் கோயில் எடுத்து அதற்கு அறக்கொடை அளித்த செயல், இந்நிலத்தைச் சோழர் அயல்நாடாகக் கருதவில்லை என்பதைக் காட்டும். பள்ளிப்படைகளைக் காணச் செல்வோர் பழையாறையை நினைக்கும் அளவுக்குத் தொண்டமநாட்டை நினைப்பதில்லை.

திருச்சுகனூரும் திருமலையும்

திருமலைக் கோயில்களைச் சார்ந்த கல்வெட்டுகளுள் மிகப் பழையது மலைமேல் இல்லை. மலையடிவாரத்துத் திருச்சுகனூர், அதாவது இன்றைய திருச்சானூர், சார்ந்தது. பல்லவன் தந்திவர்மனின் 51-ஆம் ஆட்சியாண்டில் சோழநாட்டு உலகப்பெருமானார் என்பவர் அங்குள்ள திருவிளங்கோயிற் பெருமானுக்கு விளக்கெரிக்க அளித்த கொடையை அது கூறும். பத்தாம் நூற்றாண்டில் காடவன் பெருந்தேவி என்னும் சமவை, வெள்ளியாலான திருமேனி ஒன்றைத் திருமலையில் எழுந்தருளுவித்து அணிகலன்களும் நிலமும் ஈந்தாள். போக சீனிவாசர் எனப்படும் அத்திருமேனி இன்றும் வழிபாட்டில் உள்ளது.

சோழர்க்குப் பின் யாதவராயர் காலத்திலும் ஆவண மொழி தமிழாகவே தொடர்ந்தது. கிருஷ்ணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்தார். அவருடைய கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அரசரின் ஆணை பல மொழிகளில் அமைய, கோயிலாரும் பிற கொடையாளரும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் பெரிதும் தமிழிலேயே அமைந்தன. தேவஸ்தானம் 1930-களில் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டுவோர் இதனைத் தெளிவாக உணரலாம். ஒரு மொழியை அகற்றிவிட்டு மற்றொன்று வந்தமர்ந்தது என்பதினும், அரசவைக்கு ஒன்றும் கோயில் நடைமுறைக்கு ஒன்றுமாக மொழிகள் உடன் வழங்கின என்பதே சான்றுகளுக்குப் பொருந்தும்.

சந்திரகிரி

தலைக்கோட்டைப் போருக்குப் (1565) பின் விசயநகர அரசின் தலைநகர் பெனுகொண்டாவுக்கும், பின்னர்ச் சந்திரகிரிக்கும் மாறியது. பாறைக்குன்றின் அடிவாரத்தில் மதில் சூழ நிற்கும் இராஜமகால் மூன்று தளங்களை உடையது. வளைவுகள் இசுலாமியப் பாணியிலும், மேலெழும் சிகரங்கள் கோயிற் பாணியிலும் அமைந்தமை அக்காலக் கலப்பினைக் காட்டும். சென்னையில் கோட்டை கட்டிக்கொள்ள ஆங்கிலேயர் 1639-இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடம் பெற்ற உரிமையை 1645-இல் மூன்றாம் ஸ்ரீரங்கன் உறுதிசெய்தான். அந்த உரிமையை அளித்தோர் சந்திரகிரி அரசமரபின் ஆணைக்கு உட்பட்டவர்கள். எனவே சென்னை நகரின் தொடக்கத்தை ஆராய்வோர்க்கும் இவ்விடிபாடுகள் உரியன.

திருப்பணியும் சான்றழிவும்

காளத்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ஏழுநிலைக் கோபுரம், விரிசல் கண்டு, 2010 மே 26 அன்று இடிந்து வீழ்ந்தது. அவ்விடத்தில் எழுந்த புதிய கோபுரம் 2017-இல் குடமுழுக்குக் கண்டது. வழிபாட்டு மரபு மீண்டது; ஐந்நூறாண்டுக் கட்டுமானச் சான்று மீளவில்லை.

இதில் முன்னோரின் நடைமுறை கருதத்தக்கது. திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துக் கட்டுமுன் கல்வெட்டுகளைப் படியெடுக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டான். அவை இராசேந்திரன் காலத்தில் மீளப் பொறிக்கப்பெற்றன. திருமலையிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வீரநரசிங்க யாதவராயர் காலத்தில் திருப்பணி மேற்கொண்ட திருப்புல்லாணிதாசர், பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் வெட்டுவித்தார். கொடை அழியலாகாது என்னும் அறவுணர்வு அவர்களுக்குச் சான்று காக்கும் முறையாகவும் அமைந்தது. இன்று தென்னாட்டுக் கோயில்கள் பலவற்றில் மணல்வீச்சும் சுண்ணாம்புப் பூச்சும் வழவழப்பான கற்பதிப்பும் எழுத்துகளை மறைத்தும் சிதைத்தும் வருகின்றன. அச்சில் வந்தவையேனும் எஞ்சும். படியெடுக்கப்படாதவை மறைந்தால் அவை இருந்தமையே அறியப்படாது போம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், வேங்கடம் தமிழையும் தெலுங்கையும் பிரித்த கோடு அன்று. இரு மொழியினரும் நூற்றாண்டுகள் பல சேர்ந்து வாழ்ந்து கொடையளித்த நிலப்பரப்பு என்பது பெறப்படும். இக்கல்வெட்டுகளை எல்லை உரிமைக்கான ஆவணங்களாக மட்டும் காட்டுவதும், அவை தமிழில் உள்ளன என்பதால் உள்ளூர் வரலாற்றிலிருந்து ஒதுக்குவதும் ஒருதலையான நோக்குகளே. அச்சுவர்களைச் சூழ்ந்து வாழ்வோர் இன்று பெரும்பாலும் தெலுங்கு பேசுவோர். அவற்றைக் காப்பதும் இழப்பதும் அவர்கள் கையில் உள்ளது. படிக்க இயலாத எழுத்தை எவரும் நெடுநாள் காவார். ஆகவே இப்பகுதிப் பல்கலைக்கழகங்களின் தமிழ், தெலுங்கு, வரலாற்றுத் துறைகள் கூடித் தமிழ், கிரந்த எழுத்துப் பயிற்சியைத் தெலுங்கு மாணவர்க்கும் அளித்தல் வேண்டும். கல்வெட்டுகளின் பொருளைத் தெலுங்கில் எழுதிக் கோயில் வாயிலில் வைத்தலும், எத்திருப்பணிக்கும் முன்னர் மைப்படி எடுத்தலும் வேண்டும். திருப்புல்லாணிதாசர் செய்ததைச் செய்ய நமக்கு அவரினும் வசதிகள் மிகுதி.