போடி லைன்: இரண்டு தடவை காணாமல் போன தண்டவாளம்

எங்க அப்பத்தா எதையாவது கைமறதியாக வைத்துவிட்டுத் தேடும்போது ஒரு வார்த்தை சொல்லும்: "அதென்ன போடித் தண்டவாளமா, வெள்ளக்காரன் உருவிட்டுப் போறதுக்கு? இங்கனதான் எங்கிட்டாவது கெடக்கும்." சின்ன வயதில் அதை ஏதோ ஊர்ச் சொலவடை என்றுதான் நினைத்திருந்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான், அது சொலவடை இல்லை, நடந்த சங்கதி என்று தெரிந்தது. 1942-ல் மதுரை–போடிநாயக்கனூர் ரயில் பாதையை நிஜமாகவே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் பாதையைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வருகிறேன். அரசுத் துறைகள் ரோடு, பாலம், தண்டவாளம் இதையெல்லாம் 'சொத்து' என்று பதிவேட்டில் எழுதி வைத்துப் பராமரிக்கின்றன. இன்றைக்கு அதற்கு 'சொத்து மேலாண்மை' என்று பெயர் வைத்து, 2014-ல் ஐஎஸ்ஓ 55000 என்று உலகத் தரநிலையே வந்துவிட்டது. சரி, போடி லைனில் சொத்து என்பது எது? இரும்பா, நிலமா, வண்டியா? நான் கிளறிக்கொண்டிருப்பது இதைத்தான்.

முதலில் இந்தப் பாதை ஏன் போடிக்குப் போனது என்று பார்க்கணும். வரைபடத்தை விரித்தால் கம்பம் பள்ளத்தாக்கு தேனியிலிருந்து தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நீள்கிறது. நெல்லும் தென்னையும் ஜனமும் அங்கேதான். ஆனால் ரயில் தேனி வரை வந்து, மேற்கே போடிப் பக்கம் திரும்பி, மலையடிவாரத்தில் நின்றுவிடுகிறது. காரணம் மலைச்சரக்கு.

1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு விநோத வண்டி போட்டார்கள். மாடு இழுத்தது. 1908-ல் அதையே இரண்டடி அகல ரயிலாக மாற்றி நீராவி இஞ்சின் விட்டார்கள். டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவட ரோப்வேயில் ஏற்றிக் கீழே கொட்டகுடிக்கு இறக்குவது. அங்கிருந்து போடி. போடியிலிருந்து மாட்டு வண்டியில் அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைரோடு ஸ்டேஷன். திருச்சி–மதுரை ரயில் 1875-ல் வந்துவிட்டதால் அதுதான் இந்தப் பக்கத்துக்கெல்லாம் ரயிலடி. பென்னிகுக் பெரியாறு அணை கட்டியபோதும் (1895-ல் திறந்தது) சாமான் எல்லாம் அங்கே இறங்கித்தான் வண்டி கட்டி வந்தது.

1924 ஜூலை மழையில், மலையாளத்துக்காரர்கள் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று சொல்கிறார்களே, அதில் மூணாறு ரயில் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அதை யாரும் போடவே இல்லை. ஆனால் கீழே, மாட்டு வண்டி மதுரைப் பக்கம் போன திசையில், தென்னிந்திய ரயில்வே கம்பெனி மீட்டர் கேஜ் பாதை போட்டு 1928-ல் போடிக்கு வண்டி விட்டது. மொத்தம் 90 கிலோமீட்டர்.

பதினாலே வருஷம். யுத்தம் வந்தது. மத்திய கிழக்கில் படைகளுக்குப் பாதை போட இரும்பு வேண்டும். புது இரும்பு கிடைக்கவில்லை. இந்தியாவில் எந்தக் கிளைப் பாதையை எடுத்தால் பெரிய தடத்தில் ஓட்டம் கெடாது என்று பார்த்துப் பார்த்துப் பெயர்த்தார்கள். ஷொரணூர்–நிலம்பூர் போனது, இமயமலை ஓரம் காங்க்ரா பாதையின் ஒரு பகுதி போனது, நம்ம மொரப்பூர்–தருமபுரி போனது, போடியும் போனது. கம்பெனிக் கணக்கில் இதில் தப்பே சொல்ல முடியாது. ஒரு இடத்தில் குறைவாகச் சம்பாதிக்கிற இரும்பை, அவசரத் தேவை உள்ள இடத்துக்கு மாற்றினார்கள். ஏலக்காய் மூட்டையும் பருத்தி மூட்டையும் திரும்ப வண்டிமாட்டுக்கும் லாரிக்கும் போனது அந்தக் கணக்கில் வராது.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவர்கள் செய்யவில்லை. கீழே இருந்த மண்கரையை விற்கவில்லை. நிலம் ரயில்வே பெயரிலேயே கிடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில், யுத்தத்தில் பெயர்த்த பாதைகளில் 430 மைலைத் திரும்பப் போட்டார்கள். போடி லைன் 1953-54-ல் உயிர்த்து வந்தது அந்த வேகத்தில்தான். இரும்பு போனால் வாங்கிக்கொள்ளலாம். போடி வரைக்கும் அறுபடாமல் போகிற ஒரு நிலக்கீற்று போயிருந்தால் தோப்பும் வீடும் முளைத்திருக்கும். இங்கிலாந்தில் 1963-ல் பீச்சிங் என்பவர் அறிக்கை கொடுத்து ஆயிரக்கணக்கான மைல் கிளைப் பாதைகளை மூடினார்கள். பல இடங்களில் நிலத்தையும் விற்றுவிட்டார்கள். அதில் சிலதைத் திரும்பக் கொண்டுவர இப்போது படும் பாட்டைப் பார்த்தால், அப்பத்தா திட்டின வெள்ளக்காரன் போடியில் கொஞ்சம் புத்தியாகத்தான் நடந்திருக்கிறான் என்று தோன்றுகிறது.

அடுத்த ஐம்பத்தாறு வருஷம் மீட்டர் கேஜ் வண்டி ஓடியது. இந்தக் காலத்தைப் பற்றித்தான் எழுதி வைத்தது குறைவு, ஆனால் பாதையை உண்மையில் உயிரோடு வைத்திருந்தது இதுதான். கீமேன் என்று ஒருவர் உண்டு. கையில் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புப் பச்சைக் கொடி. தனக்கு ஒதுக்கின தூரத்தைத் தினமும் நடந்து, கழன்ற சாவியை அடித்து, விரிசல் இருக்கா என்று பார்ப்பார். ஜல்லி அமுக்க, கட்டை மாற்ற கேங் ஆட்கள். மேலே தள்ளு டிராலியில் வரும் அதிகாரி. கம்ப்யூட்டரில் சொத்துப் பதிவேடு வருவதற்கு முன்னால் பதிவேடு என்பது இவர்களுடைய கால்தான். எந்தக் கல்வெட்டில் மழைக்குத் தண்ணீர் தேங்கும், எந்த வளைவில் கோடையில் தண்டவாளம் நெளியும் என்பதெல்லாம் ஆளோடு ஆளாகத்தான் இருந்தது.

2010 டிசம்பர் கடைசியோடு வண்டி நின்றது. அந்தக் கடைசி வாரத்தில் நான் தேனியிலிருந்து உசிலம்பட்டி வரை போய்த் திரும்பினேன். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி மூச்சு வாங்கி ஏறும்போது எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "ரெண்டு வருசத்துல பெருசாப் போட்டுருவாங்களாம் தம்பி" என்றார். நானும் நம்பினேன்.

அகலப் பாதையாக மாற்றியே தீர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1992-லேயே நாடு முழுக்க ஒரே அகலம் என்று முடிவாகிவிட்டது. மதுரையில் மற்ற தடமெல்லாம் அகலமானபின் போடி லைன் ஒரு தீவு. பழைய பெட்டிக்கும் இஞ்சினுக்கும் உதிரிப் பாகம் கிடைப்பதே பாடு. பிரச்சினை நிறுத்தியதில் இல்லை, நிறுத்திவிட்டுப் பணம் ஒதுக்கியதில். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் சொட்டுச் சொட்டாக ஒதுக்கீடு. ரயில்வேயில் ஒரு பாதை லாபமா என்று பார்க்க வெகுகாலம் 14 சதவீத வருவாய் என்று ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள். மலையடிவாரத்தில் முட்டி நிற்கிற கிளைப் பாதை அதில் எப்படித் தேறும்? தேறாத பாதை வரிசையில் கடைசியில் நிற்கும்.

மதுரை–உசிலம்பட்டி 37 கிலோமீட்டரில் சோதனை ஓட்டம் நடந்தது 2020 தொடக்கத்தில். ஆண்டிபட்டி வரை அடுத்த 21 கிலோமீட்டர் அதே ஆண்டுக் கடைசியில். தேனிக்கு 2022 மே 26-ல் பிரதமர் சென்னையில் தொடங்கி வைத்தார். மதுரை–தேனி 75 கிலோமீட்டருக்கு ஆன செலவு 500 கோடிக்கு மேல். போடிக்கு வண்டி வந்தது 2023 ஜூன் 15.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1942-ல் யுத்தத்துக்காகப் பெயர்த்த பாதை திரும்பி வரப் பதினொன்று, பன்னிரண்டு வருஷம். இடையில் ஒரு உலக யுத்தம், ஒரு பிரிவினை, ஒரு புது நாடு. 2010-ல் நாமே, சமாதான காலத்தில், மேம்படுத்த என்று பெயர்த்த பாதை போடிக்குத் திரும்பி வரப் பன்னிரண்டரை வருஷம். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கூசுகிறது.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பஸ் நிற்கவில்லை. ஆரப்பாளையத்தில் நின்றால் அடுத்தடுத்துத் தேனி வண்டி. போடியிலும் வண்டன்மேட்டுப் பக்கம் புற்றடியிலும் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது, சரக்கு லாரியில் போகிறது. எந்தச் சரக்குக்காகப் பாதை போட்டார்களோ அது ரயிலை மறந்துவிட்டது. 2022-ல் தேனிக்கு விட்டது ஒரு நாளைக்கு ஒரு ஜோடி வண்டி. காலையில் மதுரையிலிருந்து வரும், சாயங்காலம் திரும்பும். ஆனால் தேனியிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் காலையில் போகிறவர்தானே அதிகம்! அவருக்கு அந்த வண்டியால் என்ன பிரயோஜனம்? பிறகு போடி வரை நீட்டினார்கள், சென்னைக்கு வாரம் மூன்று நாள் வண்டியும் வந்தது. நல்லதுதான். இருந்தாலும் 500 கோடி இரும்பு நாளின் பெரும்பகுதி வெயிலில் சும்மா கிடக்கிறது. புதுத் தண்டவாளம் நல்ல நிலையில் இருக்கிறது என்று பதிவேடு சொல்லும், அது பொய்யும் இல்லை. எத்தனை பேரைச் சரியான நேரத்துக்கு ஏற்றிப் போனது என்று கேட்பதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

தேனிக்கு வண்டி வந்த முதல் வாரம் மதுரையிலிருந்து அதில் வந்தேன். ஒரு மணி நேரம் சொச்சம்தான். வழியெல்லாம் லெவல் கிராசிங்கில் பைக்கை நிறுத்திக் கை காட்டினார்கள். ரயிலையே பார்க்காமல் ஆறாம் வகுப்பு வரை வந்துவிட்ட பிள்ளைகள். பிளாட்பாரத்தில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் இஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்பத்துக்காரராம், இதைப் பார்க்கவே பஸ் ஏறி வந்திருக்கிறார். திண்டுக்கல்–குமுளி ரயில் வேண்டும் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிற கதையை ஆரம்பித்தார். முடிப்பதற்குள், "அண்ணே, கம்பம் கடைசி சீட்டு" என்று வெளியே கண்டக்டர் கூப்பிட்டார். "இந்தா வாரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.