காணாமல் போன ஐந்து நாட்கள்: நியே ஷூபின் வழக்கு

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடை என் ஆபீஸ் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு நிமிஷம்தான், பொறுத்துக்கோங்க.

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறவங்களுக்குத் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்துட்டா நாங்க முதலில் தேடுறது லாக் ஃபைலை. எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று வரி வரியாக அதில் பதிவாகியிருக்கும். ஒருமுறை அப்படித் தேடும்போது, எங்களுக்கு வேண்டிய அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் லாக் இல்லை. முன்னாடி இருக்கு, பின்னாடி இருக்கு, நடுவுல மட்டும் காணோம். "டிஸ்க் நிறைஞ்சிருக்கும்" என்று ஒருத்தர் சொன்னார். டீமில் யாரும் அதை நம்பலை.

நான் இன்னைக்குச் சொல்லப்போற வழக்கிலும் அப்படி ஒரு ஓட்டை இருக்கு. அங்கே காணாமல் போனது ஐந்து நாட்கள். போன உயிர் 20 வயசுப் பையனோடது.

சோளக்காட்டில் ஒரு கொலை

1994 ஆகஸ்ட். வட சீனாவின் ஹெபெய் மாகாணத் தலைநகர் ஷிஜியாஜுவாங். நகரின் மேற்குப் புறத்தில் ஒரு சோளக்காட்டில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. பாலியல் வன்கொடுமை, கொலை என்று போலீஸ் வழக்குப் பதிந்தது. செப்டம்பர் 23ஆம் தேதி நியே ஷூபின் என்ற இளைஞனைப் பிடித்தார்கள். பக்கத்து கிராமத்துப் பையன், ஒரு தொழிற்பள்ளியோடு சேர்ந்த தொழிற்சாலையில் வேலை. பேச்சில் திக்கு உண்டு. சைக்கிளில் சுற்றுகிற சந்தேகத்துக்குரிய ஆள் என்பதுதான் போலீஸுக்குக் கிடைத்திருந்த துப்பு. கொலையோடு அவனை நேரடியாகக் கோர்க்கும் எந்தத் தடயமும் அவர்கள் கையில் இல்லை.

சில நாட்களில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வாக்குமூலம் வந்தது. 1995 மார்ச் 15 அன்று ஷிஜியாஜுவாங் இடைநிலை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அவன் மேல்முறையீடு செய்தான். ஏப்ரல் 25 அன்று ஹெபெய் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை உறுதி செய்தது. ஏப்ரல் 27 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது.

தேதிகளைத் திரும்பப் பாருங்க. 25 தீர்ப்பு, 27 மரணம். வீட்டுக்குத் தகவல் இல்லை. மறுநாள், 28ஆம் தேதி, அப்பா வழக்கம்போல் மகனுக்குச் சாமான்கள் எடுத்துக்கொண்டு காவல் இல்லத்துக்குப் போகிறார். இனிமேல் வர வேண்டாம், நேற்றே முடிந்துவிட்டது என்று அங்கே சொல்லித்தான் அவருக்குத் தெரிகிறது.

ஏன் இவ்வளவு அவசரம்?

இதுக்குப் பதில் வேணும்னா 12 வருஷம் பின்னாடி போகணும்.

மாவோ காலத்தில் சீனாவுக்கு முழுமையான குற்றவியல் சட்டமோ நடைமுறைச் சட்டமோ கிடையாது. இரண்டுமே 1979இல்தான் நிறைவேறி 1980 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அந்தச் சட்டத்தில் நல்ல அம்சம் ஒன்று இருந்தது. எந்த மாகாணத்தில் மரண தண்டனை விதித்தாலும், பெய்ஜிங்கில் உள்ள உச்ச மக்கள் நீதிமன்றம் அதைப் பரிசீலித்து ஒப்புதல் தர வேண்டும்.

மூன்று வருஷம் கழித்து நிலைமை மாறியது. பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கிய காலம். கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள் வேலையில்லாமல் நகரங்களுக்குத் திரும்பியிருந்தார்கள். குற்றங்கள் பெருகுகின்றன என்ற பேச்சு. 1983 ஆகஸ்டில் டெங் சியாவோபிங் தலைமை 'கடுமையாக அடி' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. சீன மொழியில் 'யான்தா'. தீர்ப்பு கடுமையாக மட்டும் இல்லாமல் வேகமாகவும் வர வேண்டும் என்பது அதன் கொள்கை. செப்டம்பர் 2 அன்று சட்டத்தையே திருத்தினார்கள். கொலை, வன்கொடுமை, கொள்ளை போன்ற வழக்குகளில் மரண தண்டனைக்கு இறுதி ஒப்புதல் தரும் அதிகாரத்தை மாகாண உயர் நீதிமன்றங்களுக்கே ஒப்படைக்க வழி செய்தார்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் மேல்முறையீட்டுக்கான அவகாசம் 10 நாளிலிருந்து 3 நாளாகக் குறைந்தது.

இதோட அர்த்தம் என்ன? மேல்முறையீட்டைக் கேட்பதும் மாகாண உயர் நீதிமன்றம், கடைசியாகச் சரிபார்ப்பதும் அதே நீதிமன்றம். தான் எழுதிய கோடை ஒருத்தர் தானே ரிவ்யூ பண்ணித் தானே அப்ரூவ் பண்ற மாதிரி. அவசரத்துக்காகக் கொண்டுவந்த இந்த ஏற்பாடு 23 வருஷம் நீடித்தது. நியே ஷூபின் அதற்குள் மாட்டிக்கொண்டவன்.

'நான்தான் செய்தேன்' என்றவன்

2005 ஜனவரி. பக்கத்து மாகாணமான ஹெனானில் வாங் ஷுஜின் என்ற ஒருவன் பிடிபட்டான். பல குற்றங்களை ஒப்புக்கொண்டான். அதில் ஒன்று, ஷிஜியாஜுவாங் சோளக்காட்டுக் கொலை. மார்ச் மாதம் ஹெனான் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது. 'ஒரு கொலைக்கு இரண்டு கொலையாளிகளா?' என்று நாடே பேச ஆரம்பித்தது.

நியே ஷூபினின் தாய் சாங் ஹுவான்சி அன்று தொடங்கிய அலைச்சல் 11 வருஷத்துக்கு மேல் நீடித்தது. முதல் தடையே அபத்தமானது. மறுவிசாரணை கேட்டு மனு கொடுக்கப் போனால், பழைய தீர்ப்பின் நகல் இல்லாமல் மனுவை ஏற்க முடியாது என்றார்கள். அந்த நகலைக் குடும்பத்துக்குக் கொடுக்காததே நீதிமன்றம்தான். 2007இல் ஒருவழியாக நகல் கிடைத்தது. கொடுத்தது யார் தெரியுமா? கொலையுண்ட பெண்ணின் குடும்பம். தங்கள் மகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவனின் அம்மாவுக்கு அவர்கள்தான் அந்தக் காகிதத்தைக் கொடுத்தார்கள்.

2013இல் இன்னொரு விசித்திரம். வாங் ஷுஜின் தன் மேல்முறையீட்டில், சோளக்காட்டுக் கொலையையும் நான்தான் செய்தேன், அதையும் என் கணக்கில் சேருங்கள் என்கிறான். அரசுத் தரப்பு எழுந்து, இல்லை, நீ அதைச் செய்யவில்லை என்று வாதாடுகிறது. நீதிமன்றம் அரசுத் தரப்பை ஏற்றுக்கொண்டது.

செத்தவர்கள் திரும்பி வந்தபோது

ஒரு தாயின் குரல் மட்டும் இந்த அமைப்பை அசைத்துவிடவில்லை. அதே காலத்தில் வேறு சில வழக்குகளும் வெடித்தன.

ஹூபெய் மாகாணத்தில் ஷே சியாங்லின். 1994இல் மனைவி காணாமல் போனார். ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. ஷேதான் கொன்றார் என்று மரண தண்டனை கொடுத்தார்கள். ஆதாரம் போதாது என்று உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. விட்டுவிட வேண்டியதுதானே? விடவில்லை. உள்ளூர் கட்சியின் அரசியல்-சட்டக் குழு கூடி, வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்கு இறக்கி 15 ஆண்டுக்குள் ஒரு தண்டனையில் முடிக்கலாம் என்று முடிவெடுத்தது. போலீஸ், அரசு வழக்குத் துறை, நீதிமன்றம் மூன்றையும் ஒருங்கிணைக்கும் கட்சிக் குழு அது. 1998இல் அதேபோல் 15 ஆண்டு தண்டனை வந்தது. 2005 மார்ச் 28 அன்று அந்த மனைவி உயிரோடு ஊருக்குத் திரும்பி வந்தார்.

ஹெனானில் ஜாவோ ஸுவோஹாய். 1999இல் ஊர்க் கிணற்றில் தலையில்லாத உடல் ஒன்று கிடைத்தது. அவரோடு சண்டை போட்டுக் காணாமல் போயிருந்த பக்கத்து வீட்டுக்காரரின் உடல்தான் அது என்று முடிவு கட்டினார்கள். போலீஸ் அடித்து ஒன்பது முறை வாக்குமூலம் வாங்கியது. 11 வருஷம் சிறை. 2010 ஏப்ரல் 30 அன்று 'செத்தவர்' ஊருக்கு வந்து நின்றார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இந்த இரண்டு தவறுகளையும் கண்டுபிடித்தது எந்த நீதிபதியும் இல்லை. கொலையானவர் நடந்து வந்தார், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் விடுதலை செய் என்பது விதி. ஆனால் அங்கே நடைமுறையில் இருந்தது, சந்தேகம் வந்தால் தண்டனையைக் குறை என்பதுதான். அதனால்தான் இந்த இரண்டு பேரும் உயிர் பிழைத்தார்கள். நியே ஷூபினுக்கு அந்தப் பாதி நீதிகூடக் கிடைக்கவில்லை.

சீர்திருத்தம் வந்தது, எவ்வளவு தூரம்?

வந்தது, இல்லைன்னு சொல்ல முடியாது. 2007 ஜனவரி 1 முதல் எல்லா மரண தண்டனைகளுக்கும் ஒப்புதல் தரும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கே திரும்பியது. ஜாவோ விடுதலையான அடுத்த மாதமே, சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலத்தை விலக்கும் விதிகள் வெளிவந்தன. 2012இல் திருத்தப்பட்ட நடைமுறைச் சட்டத்தில் 'மனித உரிமை' என்ற சொல் இடம்பெற்றது. 2013 டிசம்பரில், விசாரணையே இல்லாமல் ஆட்களை அடைத்து வைத்த 'உழைப்பு வழி மறுகல்வி' முறை ஒழிக்கப்பட்டது. உள்ளூர் அதிகாரிகளின் பிடியைத் தளர்த்த, 2015இல் உச்ச நீதிமன்றம் மாகாண எல்லை தாண்டிய சுற்று நீதிமன்றங்களை அமைத்தது.

அந்தச் சுற்று நீதிமன்றம் ஒன்றுதான், ஷென்யாங் நகரில், 2016 டிசம்பர் 2 அன்று நியே ஷூபின் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. அவன் இறந்து 21 வருஷம் ஆகியிருந்தது.

இப்போ லாக் கதைக்கு வர்றேன். அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது இதைத்தான்: அவன் பிடிபட்ட முதல் ஐந்து நாட்களின் விசாரணைப் பதிவுகள் கோப்பில் இல்லை. செப்டம்பர் 23 முதல் 27 வரை அவன் என்ன சொன்னான், மறுத்தானா, யாருக்கும் தெரியாது. கொலை நடந்து முதல் 50 நாட்களில் முக்கியச் சாட்சிகள் சொன்னதும் இல்லை. சம்பவத்தன்று அவன் வேலையில் இருந்தானா என்று காட்டக்கூடிய தொழிற்சாலை வருகைப் பதிவேடும் இல்லை. அவனுக்குச் சாதகமாக இருக்கக்கூடிய பக்கங்களாகப் பார்த்துக் காணாமல் போயிருந்தன.

குடும்பத்துக்குச் சுமார் 26.8 லட்சம் யுவான் இழப்பீடு கிடைத்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. 2014இல் சீன நீதிமன்றங்கள் தண்டித்தவர்கள் 11 லட்சத்து 84 ஆயிரம் பேர், விடுவித்தவர்கள் 778 பேர். உச்ச நீதிமன்றமே வெளியிட்ட கணக்கு இது. ஒரு வருஷத்தில் எத்தனை பேருக்கு மரண தண்டனை நிறைவேறுகிறது என்ற கணக்கு மட்டும் இன்றுவரை அரசு ரகசியம். 2015 ஜூலை 9 அன்று தொடங்கிய வேட்டையில் மனித உரிமை வழக்கறிஞர்களும் செயல்பாட்டாளர்களுமாக 300 பேருக்கு மேல் விசாரணைக்கு இழுக்கப்பட்டார்கள். நியே தீர்ப்பு வந்த ஆறே வாரத்தில், 2017 ஜனவரியில், உச்ச நீதிமன்றத் தலைவர் ஜோ சியாங் 'நீதித்துறைச் சுதந்திரம்' என்பது மேற்கத்தியத் தவறான கருத்து, அதை எதிர்க்க வேண்டும் என்று பேசினார்.

என்னோட பார்வை இதுதான். சீனாவின் சீர்திருத்தம், தவறு செய்தால் மேலே இருப்பவர் திருத்துவார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. மேலே ஒரு படி கூடியிருக்கிறது, அதனால் சில உயிர்கள் தப்பியிருக்கும், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த ஐந்து நாட்களில் நியே ஷூபினுக்குத் தேவைப்பட்டது பெய்ஜிங்கில் ஒரு நீதிபதி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து "இதையும் எழுதுங்க" என்று போலீஸிடம் சொல்லக்கூடிய ஒரு வழக்கறிஞர். அப்படிச் சொல்கிறவர்களைத்தான் 2015இல் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கடைசியா ஒண்ணு. 2016 தீர்ப்பு, கொலை செய்தது வாங் ஷுஜின்தான் என்று சொல்லவில்லை. நியே செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று மட்டும்தான் சொன்னது. வாங் ஷுஜினுக்கு வேறு குற்றங்களுக்காக 2021 பிப்ரவரியில் மரண தண்டனை நிறைவேறியது. சோளக்காட்டில் அந்தப் பெண்ணைக் கொன்றது யார் என்ற கேள்விக்குச் சட்டப்படி இன்னும் பதில் இல்லை. தீர்ப்பு நகலை எடுத்துக் கொடுத்த அந்தக் குடும்பத்துக்கு, ஐந்து நாள் காகிதத்தைத் தொலைத்தவர்கள் செய்த அநியாயம் அது.

அடுத்த எபிசோடில் 2003, குவாங்சோ. அடையாள அட்டை கையில் இல்லாததால் பிடிபட்டு மூன்றே நாளில் இறந்துபோன சுன் ஜிகாங்கின் கதை. கேளுங்க, கருத்துகளை எழுதுங்க.