மானிப்பாயின் பழைய வைத்தியசாலை

பழைய கோட்டையையும் கோயிலையும் பேண வேண்டும் என்றால் எவரும் மறுப்பதில்லை. பழைய வைத்தியசாலை ஒன்றைப் பேண வேண்டும் என்றால் மாத்திரம், நோயாளர் கிடந்த இடத்துக்கு என்ன சரித்திரம் என்று கேட்பவர்கள் உண்டு. மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை முன்வைத்து அதற்கு விடை கூற விரும்புகிறேன்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் வைத்தியம் பார்த்தார். அத்தோடு உள்ளூர் இளைஞருக்கு மேலை வைத்தியத்தையும் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர்கள் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டு, 1864 அளவில் பாடமொழியைத் தமிழாக்கினார். தமிழில் கற்றவன் தன் கிராமத்திலேயே வைத்தியனாக இருப்பான் என்பது அவர் கணக்கு.

பாடத்துக்கு நூல் வேண்டுமல்லவா? மாணாக்கரின் துணையோடு 'இரண வைத்தியம்' 1867 இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும், 'கெமிஸ்தம்' 1875 இலும் வெளிவந்தன. சத்திரசிகிச்சையையும் உடற்கூற்றையும் இரசாயனத்தையும் சொல்லத் தமிழில் சொற்கள் ஆக்கப்பட்டன. அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டவர்கள். 1873 இல் தாயகம் திரும்பிய கிறீன் 1884 இல் காலமானார். தமிழருக்கு வைத்தியப் பணி செய்தவர் என்றே அவருடைய கல்லறை அவரைக் குறிக்கின்றது.

தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க முடியுமா என்று இன்றும் கேட்கிறோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே செய்து காட்டிய ஊர் மானிப்பாய். அதனாலேயே இந்த இடம் காக்கப்பட வேண்டியது என்கிறேன்.

யுத்த காலத்தில் இவ்வைத்தியசாலை நலிவுற்றது. பின்னர் புலம்பெயர்ந்தோர் உதவியும் சேர, புத்துயிரூட்டும் முயற்சிகள் நடந்தன. மகிழ்ச்சியே. ஆயினும் புதுப்பிப்பது வேறு, பேணுவது வேறு. நம் பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் எழுந்தவை. உள்ளே ஏறும் ஈரத்தை அவை வெளியே விடும். மேலே சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே தங்கிச் சுவரை உதிர்த்துவிடும். முதலில் கூரையைக் காக்க வேண்டும். மாரிமழை ஒழுகும் கட்டடம் நிலைக்காது. வெடிப்பிலே வேர்விடும் ஆலங்கன்றை அவ்வப்போது பிடுங்க வேண்டும்.

பூட்டி வைப்பதும் பாதுகாப்பன்று. நோயாளர் வந்து போகட்டும். ஓர் அறையில் மாத்திரம் அந்தத் தமிழ் வைத்திய நூல்களை வையுங்கள். மருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளை அவற்றைப் புரட்டிப் பார்க்கட்டும்.