அரோவானா மீன் சாய்ந்து மிதக்குதா? மருந்து ஊற்றும் முன் இதைச் செய்யுங்க!

சங்கரன்கோவில்: நேற்று வரை தொட்டியின் மேல்மட்டத்தில் கம்பீரமாக வலம் வந்த அரோவானா, இன்று தலைகீழாக நிற்கிறதா? ஒரு பக்கம் சாய்ந்து மிதக்கிறதா? அல்லது அடியிலேயே படுத்துக் கிடக்கிறதா? இது காற்றுப்பை பிரச்சினையாக இருக்கலாம். பதறிப்போய் கையில் கிடைத்த மருந்தை எல்லாம் ஊற்றிவிடாதீங்க.

காற்றுப்பை என்றால் என்ன?

மீனின் வயிற்றுக்குள், முதுகெலும்புக்குக் கீழே இருக்கும் காற்று நிரம்பிய பை இது. மீன் மூழ்காமலும் மேலே தூக்கப்படாமலும் ஒரே மட்டத்தில் நிற்க இதுதான் உதவுகிறது. கடைகளில் 'ஸ்விம் பிளாடர்' என்பார்கள். இது தனி நோய் கிடையாது, வேறு ஏதோ கோளாறின் அறிகுறி. அந்தக் காரணத்தைப் பிடிச்சாதான் மீனைக் காப்பாற்ற முடியும்.

ஏன் வருது?

* அளவுக்கு மீறிய தீனி, மலச்சிக்கல். வீங்கிய குடல் காற்றுப்பையை அழுத்தும்.
* தண்ணீரில் அம்மோனியா, நைட்ரைட் சேருவது.
* திடீரென வெப்பநிலை குறைவது.
* பாக்டீரியா தொற்று.
* துள்ளி விழுந்தோ, கண்ணாடியில் மோதியோ அடிபடுவது. அரோவானா நன்றாகத் துள்ளும் மீன் என்பதால் இதையும் யோசிக்கணும்.

முதலில் என்ன செய்யணும்?

1. தீனியை நிறுத்துங்க: வளர்ந்த அரோவானா 2, 3 நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. குஞ்சு மீனை அவ்வளவு நாள் பட்டினி போட வேண்டாம்.

2. தண்ணீரைச் சோதியுங்க: மீன் கடைகளில் டெஸ்ட் கிட் கிடைக்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்ஜியம் காட்டணும்.

3. கால்வாசி தண்ணீரை மாற்றுங்க: மொத்தமாக மாற்றினால் மீன் அதிர்ச்சியாகும். நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கிய பிறகே ஊற்றணும். பழைய தண்ணீரும் புதுசும் ஒரே சூட்டில் இருக்கட்டும்.

4. நீர்மட்டத்தைக் குறையுங்க: மீன் அடியிலேயே கிடந்தால், மேலே வர சிரமப்படாத அளவுக்குத் தண்ணீரை இறக்குங்க. ஆனால் உடல் முழுவதும் மூழ்கி இருக்கணும். ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே தெரியாமல் பார்த்துக்கோங்க.

5. வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ் அளவில் நிலையாக இருக்கட்டும். காற்று மோட்டார் ஓடட்டும். லைட்டை அணைத்து, மூடியைப் போட்டு வையுங்க.

இதையெல்லாம் செய்யாதீங்க

வேகவைத்த பட்டாணி கொடுக்கச் சொல்வாங்க. அது தங்கமீனுக்குச் சொல்லும் வைத்தியம். அரோவானா பூச்சி, இறால், சின்ன மீன் தின்னும் இனம், பட்டாணியைத் தொடாது. ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது உயிருக்கே ஆபத்து, அதை மருத்துவர் மட்டும்தான் செய்யணும். மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றினால், ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் செத்து தண்ணீர் இன்னும் கெடும்.

எப்போது மருத்துவரைப் பார்க்கணும்?

மூன்று நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் தாமதிக்காதீங்க. வயிறு வீங்கி செதில்கள் தூக்கி நின்றாலோ, உடலில் சிவப்புப் புள்ளிகள் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே பேசுங்க. சங்கரன்கோவில் பக்கம் இருப்பவர்கள் நெல்லை ராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ விசாரிக்கலாம். பெரிய மீனைப் பையில் போட்டுத் தூக்கிச் செல்வதே அதற்குக் கஷ்டம். அதனால் முதலில் போனில் கேளுங்க. மீன் நீந்தும் வீடியோ, தண்ணீர் சோதனை முடிவு, கடைசியாகக் கொடுத்த தீனி விவரம் மூன்றையும் தயாராக வையுங்க.

மறுபடி வராமல் இருக்க...

மீன் தேறியதும் பழைய அளவில் பாதித் தீனியோடு தொடங்குங்க. கொழுப்பு அதிகமுள்ள மாட்டிறைச்சி, மாட்டு இதயம் போன்றவற்றைத் தவிருங்க. வாரம் ஒருநாள் தீனிக்கு லீவு விடலாம். வாரந்தோறும் கால்வாசி தண்ணீர் மாற்றுவது அவசியம். அரோவானா 2 அடிக்கு மேல் வளரும் மீன், அது தாராளமாகத் திரும்ப இடமில்லாத தொட்டியில் எந்த வைத்தியமும் நிலைக்காது.

அடிபட்டதாலோ தொற்றாலோ காற்றுப்பை நிரந்தரமாகச் சேதமானால் முழுமையாகக் குணமாகாமல் போகலாம். தீனி, தண்ணீர், குளிர்ச்சியால் வந்த பிரச்சினை என்றால், சீக்கிரம் கவனித்தால் மீன் தேறி வர நல்ல வாய்ப்பு இருக்கு.