வேதப் புத்தகத்துக்கு வாய்த்த தமிழ்



காலையில் ஒரு பகுதி, விளக்கேற்றிய பின் ஒரு பகுதி என வேதப் புத்தகத்தை உரத்து வாசித்து, வாசித்ததை மனத்தில் இருத்தி, அதிலிருந்தே செபத்தை எடுத்துக்கொள்வது யாழ்ப்பாணத்து வேதக்காரர் வீடுகளில் தலைமுறைகளாக வந்த வழக்கம். இவ்வாறு நாள்தோறும் வாயில் புழங்கும் நூலின் தமிழ் எப்படி இருத்தல் வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கேள்விக்கு விடை காண உழைத்தவர்களுள் ஒருவர் சைவர் என்பது நம் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1814 இல் வெஸ்லியன் மிஷனரிமாரும், 1816 இல் அமெரிக்க மிஷனரிமாரும் குடாநாட்டுக்கு வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியும், 1824 இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. வேதவாசிப்பும் செபமும் அங்கு தங்கிப் படித்த பிள்ளைகளின் அன்றாட ஒழுங்காயின.

தமிழ்ச் சபைகளில் அப்போது வேரூன்றியிருந்தது, சென்னையில் பணியாற்றிய பப்ரிசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்பு. 1796 இல் நிறைவெய்திய அது மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியது. ஆகவே தமிழ் ஓட்டம் சில இடங்களில் தடைப்பட்டது. அதனைத் திருத்தி, தமிழறிந்தோர் மதிக்கும் நடையில் வேதாகமத்தைத் தர விரும்பினார் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார். அவருக்குத் துணையானவர் அவரது பாடசாலையில் பயின்று அங்கேயே ஆசிரியரான நல்லூர் ஆறுமுகம். பின்னாளில் ஆறுமுக நாவலர்.

அப்பெரும்பணி 1850 இல் சென்னையில் அச்சேறியது. ஆனால் தமிழகத்துச் சபைகள் அதனை ஏற்கவில்லை. தமிழின் ஒழுங்குக்காக மூலத்தை நெகிழவிட்டது என்பது அதன்மேற் சொல்லப்பட்ட குறை. அதற்கும் அப்பால் வேறொரு காரணமும் உண்டென்றே தோன்றுகிறது. துயரத்திலும் நோயிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம் வெறும் வாக்கியமன்று. அது சொல்பவரின் சொந்தச் செபமாகிவிடுகிறது. அதில் ஒரு சொல் மாறினாலும் காது முரண்படும். இலக்கணம் சரி என்று எடுத்துச் சொன்னாலும் உள்ளம் இணங்காது.

எனினும் யாழ்ப்பாணத்தார் உழைப்பு வீண்போகவில்லை. அடுத்து வந்த பவர் ஐயரின் குழு பப்ரிசியுஸின் மொழியை அடியாகக் கொண்டு, 1850 ஆம் ஆண்டுப் பதிப்பின் தெளிவையும் பயன்படுத்தியது. 1871 இல் வெளிவந்த அந்த ஐக்கியப் பதிப்பையே இன்றும் பல வீடுகளில் வாசிக்கின்றனர்.

நாவலரோ 1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின்பு அச்சுக்கூடமும் கண்டார். பாடசாலை, பிரசங்கம், அச்சு, எளிய வசனநடை எனப் பாதிரிமார் கையாண்ட கருவிகள் சைவத்தின் கருவிகளுமாயின. பெரியபுராணத்தையும் வசனமாக்கித் தந்தார்.

மதத்தால் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு சொல்லுக்காக யோசித்த காலம் ஒன்று இம்மண்ணில் இருந்தது. அவர்களை அங்கே சேர்த்தது தமிழ். காலைச் செபத்துக்குப் புத்தகத்தைத் திறப்போரும், தேவாரத்தோடு நாளைத் தொடங்குவோரும் அந்த உழைப்புக்குக் கடன்பட்டவர்களே.