இனிப்பை மறக்கச் செய்யும் இலை

மதுரை மாநகரிலிருந்து மேற்கே தேனிச் சாலையில் பயணம் செய்வோர் நாகமலையைக் காணாதிருக்க இயலாது. நெடிய பாம்பொன்று வெயிலில் நீண்டு கிடப்பது போன்ற அந்தக் குன்றுத் தொடரின் அடிவாரத்திலே அமைந்த ஊர்தான் நாகமலை புதுக்கோட்டை. சற்றுத் தொலைவில், கீழக்குயில்குடியில், சமணர் மலை நிற்கிறது. உணவு, அடைக்கலம், கல்வி ஆகியவற்றோடு மருந்தையும் ஒரு தானமாகக் கருதிய சமணத் துறவிகள் ஒரு காலத்தில் வாழ்ந்த இடம் அது. ஆக, மலையையும் மருந்தையும் சேர்த்து நினைப்பது இந்த வட்டாரத்திற்குப் புதிதன்று.

இத்தகைய வறண்ட குன்றுகளின் புதர்க்காடுகளில் படரும் கொடியொன்று உண்டு. எதிரெதிராக அமைந்த இலைகள், கொத்துக் கொத்தாகச் சிறு மஞ்சள் பூக்கள், பார்வைக்குச் சிறப்பேதுமில்லை. இலையைப் பறித்து நன்றாக மென்றுவிட்டு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாவிலே இட்டால்தான் அதன் ஆற்றல் புலப்படும். சர்க்கரை மணலாகிவிடும்! உப்பு உப்பாகவே இருக்கும். புளி புளியாகவே இருக்கும். இனிப்பு மட்டும் அரைமணி நேரமோ அதற்கு மேலோ நாவை விட்டு அகன்று நிற்கும். தமிழ் மருத்துவர் இதனைச் சிறுகுறிஞ்சான் என்றனர். மக்கள் சர்க்கரைக்கொல்லி என்றனர். யூனானி ஹகீம்கள் உருதுவில் ‘குட்மார்’ என்கின்றனர். குட் என்றால் வெல்லம். மார் என்றால் கொல்வது. இரு மொழியாரும் ஒரே பெயரைச் சூட்டியிருப்பதை நாம் வியப்போடு காண்கிறோம். மதுரையின் இனிப்புப் பானமாகிய ஜிகர்தண்டாவும் உருதுப் பெயர் தாங்கியது. அந்த இனிப்பைக் கொல்லும் இலைக்கும் உருதுவிலே பெயர் இருக்கிறது!

மருந்துகள் மொழி எல்லையையும் சமய எல்லையையும் கடந்து பயணம் செய்தவை என்பதற்கு மதுரையே சான்று. பயணப் பேரறிஞர் இப்னு பதூதா 1344-ஐ ஒட்டிய காலத்தில், மதுரை சுல்தான்களின் ஆட்சியிலே, இந்நகருக்கு வந்தார். அப்போது ஊரில் கொள்ளைநோய் பரவி, மக்கள் விரைந்து மாண்டுகொண்டிருந்தனர். அவரையும் கடும் காய்ச்சல் பற்றிக்கொண்டது. பிழைப்பது அரிது என்று எண்ணிய வேளையில், அங்கே மிகுதியாகக் கிடைத்த புளியைப் பற்றிய எண்ணத்தை இறைவன் தம் உள்ளத்தில் தோற்றுவித்ததாகவும், அதனை நீரில் கரைத்துக் குடித்து மூன்று நாள் வயிறு கழிந்தபின் நலமடைந்ததாகவும் அவர் எழுதிவைத்தார். புளிக்கு அரபியர் இட்ட பெயரே ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை. மதுரையை அடுத்த அழகர்மலையோடு தொடர்புபடுத்தப்படும் இராமதேவர் என்னும் சித்தர் மக்கா சென்று யாக்கோபு என்ற பெயருடன் திரும்பினார் என்பது வழிவழி வந்த மரபு. அவர் பெயரால் தமிழில் வைத்திய நூல்களும் வழங்குகின்றன. மரபை வரலாறாக நிறுவ நாம் முற்படவில்லை. தமிழ் மருத்துவ உலகம் மக்காவை அந்நியமாக எண்ணவில்லை என்பதற்கு அதுவே போதும்.

உடற்பருமனும் இனிப்பு நீரும் பழைய மருத்துவர்கள் நன்கறிந்த நோய்கள். வடமொழி நூல்கள் ‘மதுமேகம்’, அதாவது தேன்போன்ற சிறுநீர், என்று இதற்குப் பெயரிட்டன. 1037-இல் மறைந்த இப்னு சீனா தம் ‘கானூன்’ நூலில் பருமனுக்கென்றே விதிகள் வகுத்தார்: வயிற்றை நிரப்பியும் ஊட்டம் குறைவாக அளிக்கும் உணவு, உண்பதற்கு முன் குளியல், கடும் உடற்பயிற்சி, உண்டது குடலிலே தங்காது விரைந்து இறங்கச் செய்தல். இவற்றுள் முதல் மூன்றை விட்டுவிட்டு நான்காவதை மட்டும் பற்றிக்கொண்டவர்களைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

சிறுகுறிஞ்சானின் இந்த ஆற்றல் ஐரோப்பிய அறிஞர் கவனத்திற்கு வந்தது 1840-களின் இறுதியில். வங்காள அரசுப் பணியில் இருந்த தாவரவியலார் எட்ஜ்வொர்த், இனிப்புச் சுவையை நீக்கும் இலையொன்று இந்தியாவில் உண்டு என்று இலண்டன் அறிஞர் அவைக்குத் தெரிவித்தார். அதன்பின் நாற்பதாண்டுகள் கழித்து, 1887-இல், உதகமண்டலத்தில் அதற்கு வேதியியல் விடை கிடைத்தது. அங்கே சின்கோனாப் பட்டையிலிருந்து கொய்னா எடுக்கும் பணிக்கென அமர்த்தப்பட்டிருந்த டேவிட் ஹூப்பர் இவ்விலையை ஆராய்ந்து, இனிப்பை மறைக்கும் பொருளைப் பிரித்தெடுத்து, ஜிம்னிமிக் அமிலம் என்று பெயரிட்டார். அது ஒரே பொருளன்று, நெருங்கிய உறவுடைய பல பொருள்களின் கூட்டம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நாவிலே இனிப்பை உணரும் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, அவை சர்க்கரைக்குக் கதவடைக்கின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர் நம் காலத்தில் விளக்கியுள்ளனர். ஹூப்பருக்கும் எட்ஜ்வொர்த்துக்கும் இலையைக் காட்டிக்கொடுத்தவர் யார்? அவர்கள் பெயரை நாம் அறியோம்.

நாவை ஏமாற்றுவது வேறு, நோயைத் தணிப்பது வேறு. 1921-இல் கனடாவில் இன்சுலின் கண்டறியப்படும் முன்னர், இளவயதில் நீரிழிவு வந்தவர்க்குப் பட்டினியன்றி மருத்துவர் தரக்கூடியது மிகக் குறைவு. அதன்பின்தான் இலைகளை நோக்கிய ஆராய்ச்சி சூடுபிடித்தது. 1930-இல் பம்பாயில் மஸ்கரும் யேசுசபைத் துறவியாகிய கையஸும் சிறுகுறிஞ்சானைப் பற்றி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டனர். ஆயினும் தமிழ்நாட்டவர் பெருமை கொள்ளத்தக்க ஆய்வு 1990-இல் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையைச் சார்ந்த சண்முகசுந்தரம் குழுவினர் இவ்விலைச் சாற்றை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் நோயாளிகளுக்குக் கொடுத்தனர். மாத்திரை உண்டுவந்த 22 பேர் 18 முதல் 20 மாதங்கள் இதனையும் சேர்த்து உட்கொண்டனர். அவர்களுள் 5 பேர் மாத்திரையை நிறுத்தவும் முடிந்தது. இன்சுலின் ஊசியை நம்பியிருந்த 27 பேரிடம் ஊசியின் அளவு குறைந்தது.

இந்த இடத்தில் வாசகர் சற்று நிற்க வேண்டும். அளவு குறைந்தது என்பதே செய்தி. ஊசி தேவையற்றுப் போயிற்று என்பதன்று. மருந்தற்ற வெறும் மாத்திரையை ஒரு பகுதியினர்க்குக் கொடுத்து, யார் எதை உண்டார் என்பதை மறைத்து வைத்துச் சோதிக்கும் முறையும் அதில் இல்லை. அவ்வாறு மறைத்துச் செய்த ஆய்வொன்று 2017-இல் மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது. பருமனும் இரத்தக் கொதிப்பும் கொழுப்பும் ஒருங்கே சேர்ந்த 24 பேரிடம் 12 வாரம் நடத்தப்பட்டது. இலைமருந்து உண்டவர்களுக்கு உடல் எடை சராசரியாக 3 கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது. ஆனால் இன்சுலின் சுரப்பிலும் அதன் செயலிலும் மாற்றமில்லை. இனிப்பின் மீது நாட்டம் தணிந்ததால் உணவு குறைந்திருக்கலாம் என்பது நம் எண்ணம். இருபத்து நால்வரைக் கொண்டு உலகிற்கு விதி வகுக்க முடியாது. அது மட்டுமன்று: 2010-இல் இவ்விலையை உட்கொண்ட நீரிழிவு நோயாளி ஒருவருக்குக் கடும் ஈரல் அழற்சி ஏற்பட்டதும் மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறது.

இனி, நான்காவது விதியைப் பற்றிக்கொண்டவர்களைப் பார்ப்போம். அரபு நாட்டு இலையாகிய ‘ஸனா’ பற்றித் திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பாராட்டு இடம்பெற்றுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்செடி திருநெல்வேலிச் சீமையின் வறண்ட நிலங்களிலே பயிராகி, தூத்துக்குடித் துறைமுகம் வழியே உலகெங்கும் சென்றது. ‘திருநெல்வேலி ஸனா’ என்றே உலகச் சந்தை அதனை அழைத்தது. நம்மவர் நிலாவாரை என்பர். மலச்சிக்கலுக்கு அது நல்ல மருந்து. ஆனால் இன்றைக்கு ‘உடல் மெலியத் தேநீர்’ என்ற பெயரில் விற்கப்படும் பொட்டலங்கள் பலவற்றில் இருப்பதும் இந்த இலையே. உண்ட உணவின் சத்து சிறுகுடலிலே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நிலாவாரையின் பொருள்களோ அதற்கும் அப்பால், பெருங்குடலை அடைந்த பின்னரே வேலை செய்கின்றன. ஆகவே தராசில் குறைவது நீரேயன்றிக் கொழுப்பன்று. நாள்தோறும் குடித்தால் நீரோடு பொட்டாசியம் என்னும் உப்பும் வெளியேறி, தசையும் இதயமும் தளரும். மலச்சிக்கலுக்கென்று போற்றப்பட்ட இலையை மாதக்கணக்கில் குடிப்பதற்கு அந்த ஹதீஸைச் சான்று காட்டுவது எவ்வாறு பொருந்தும்?

நம் இல்லங்களிலே நாள்தோறும் விழுங்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையின் மூதாதையும் ஒரு செடிதான். தென் ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வளரும் கலேகா என்பது அதன் பெயர். அதிலுள்ள கலெகீன் சர்க்கரையைக் குறைக்கும். அளவு மீறினால் ஆட்டையும் கொல்லும். அதன் வேதியியல் உறவினர்களுள் நச்சுத்தன்மை குறைந்த ஒன்று 1922-இல் டப்ளினில் உருவாக்கப்பட்டது. 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் அதனை நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டார். செடியிலிருந்து மாத்திரைக்கு வந்த அந்த நீண்ட வழி முழுவதும் அளந்து பார்க்கும் பணியாகவே இருந்தது. சிறுகுறிஞ்சானுக்கு அவ்வழியில் பாதிதான் முடிந்திருக்கிறது. நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் பொடியில் ஜிம்னிமிக் அமிலம் எவ்வளவு என்பது பொட்டலத்துக்குப் பொட்டலம் வேறுபடும்.

இதை நாம் இங்கே இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் அரிதன்று. வலீமா விருந்தின் பிரியாணியையும் இனிப்பையும் மறுக்கத் தயங்கும் பெரியவர்கள், மறுநாள் காலையில் ஒரு கரண்டிச் சிறுகுறிஞ்சான் பொடியைக் கலக்கிக் குடித்துக் கணக்கை நேர்செய்துவிட்டதாக நினைக்கின்றனர். பொடியை நம்பி ஊசியையே நிறுத்தியவர்களையும் நாம் அறிவோம். அதைவிடவும் புலப்படாத ஆபத்து ரமலான் மாதத்தில் வருகிறது. ஸஹர் வேளையில் மாத்திரையோடு பொடியையும் உட்கொண்டு நோன்பு வைத்தால், இரண்டும் சேர்ந்து அஸருக்குப் பின்னர் இரத்தச் சர்க்கரையை அளவுக்கு மேல் தாழ்த்திவிடக்கூடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். நோன்பின் களைப்பு என்று வீட்டார் எண்ணிவிடுவர். அந்நிலையில் நோன்பைத் திறந்து இனிப்பு உட்கொள்ள மார்க்கமும் மருத்துவமும் ஒருங்கே அனுமதிக்கின்றன. சிறுகுறிஞ்சான் உண்பவர் அதனை, ஹகீமிடம் வாங்கியதாயினும் நாகமலைச் சரிவில் பறித்ததாயினும், ரமலான் பிறக்குமுன் தம் மருத்துவரிடம் சொல்லி, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவரைக் கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும்.